படுக்கையறைக்கு வைஃபை வரவில்லையா? இரண்டாவது ரவுட்டர் பூட்டும் முறை



வீடு கிடைத்து, இணைய இணைப்பும் எடுத்த பிறகு எங்கள் ஆட்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று இருக்கிறது. “ஹோலுக்குள்ள நல்லா வேலை செய்யுது, படுக்கையறைக்குப் போனா ஒண்டும் இல்லை.” உடனே கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் கூடின வேகமுள்ள இணைப்பு ஒன்றைக் காட்டுகிறார். மாதம் 10 யூரோ கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மாத ஒப்பந்தத்துக்கு 240 யூரோ. கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் படுக்கையறையில் நிலைமை அப்படியேதான் இருக்கிறது.

காரணம் என்னவென்றால், குறை இணைப்பில் இல்லை, சுவரில்தான் இருக்கிறது. சுவருக்கு மருந்து கூடின வேகம் அல்ல, இரண்டாவது ரவுட்டர். பழைய ரவுட்டர் ஒன்றை 20, 30 யூரோவுக்குள்ளேயே வாங்கலாம். சில வேளை தெரிந்தவர்களிடம் சும்மாவே கிடைக்கும்.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். சட்டத்தரணியின் அழைப்பு, இணையவழி டொச் வகுப்பு, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் இந்த வைஃபையில்தான் வருகிறது. ஊருக்கும் இங்கைக்கும் கோடையில் மூன்றரை மணித்தியாலம், குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம் வித்தியாசம். அம்மா, அப்பாவோடு ஆறுதலாகக் கதைக்க அறைக்குள் இருக்கத்தான் மனம் வரும், வாசல் பக்கம் நின்று கத்த முடியாது.

1. முதலில் குறை எங்கே என்று கண்டுபிடியுங்கோ

காசு செலவழிக்க முதல் பத்து நிமிடம் ஒதுக்கி இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

ஜேர்மனியின் தொலைத்தொடர்புக்குப் பொறுப்பான அரச அமைப்பு புண்டெஸ்நெட்ஸ்அகென்டூர். அவர்களே வேகம் அளக்கும் இலவச வசதி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பிராய்ட்பான்ட்மெஸ்ஸுங். கைபேசியில் செயலியாகவும் எடுக்கலாம்.

முதலில் ரவுட்டருக்குப் பக்கத்தில், ஒரு மீற்றர் தூரத்தில் நின்று அளவுங்கள். இலக்கத்தை எழுதி வையுங்கள். பிறகு படுக்கையறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு அளவுங்கள். அதையும் எழுதுங்கள். கைபேசி வைஃபையில்தான் இருக்கிறதா, சிம் இணையத்துக்கு மாறிவிட்டதா என்று கவனியுங்கோ. அளக்கும்போது சிம் இணையத்தை நிறுத்தி வைப்பது நல்லது.

இப்போது இரண்டு இலக்கத்தையும் பாருங்கள்.

அ) ரவுட்டர் பக்கத்தில் 45, படுக்கையறையில் 2 என்று வந்தால் இணைப்பு சரி, சுவர்தான் பிரச்சினை. இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

ஆ) ரவுட்டர் பக்கத்திலேயே 3, படுக்கையறையில் 2 என்று வந்தால் குறை லைனில் அல்லது ரவுட்டரில் இருக்கிறது. இதற்கு இரண்டாவது ரவுட்டர் உதவாது. இணைப்புத் தரும் கொம்பனிக்குத்தான் முறைப்பாடு செய்ய வேண்டும்.

வட்ஸ்அப்பில் குரல் அழைப்புக்கு ஒரு மெகாபிட் கூடத் தேவையில்லை. முகம் பார்த்துக் கதைப்பதற்கு ஒன்றிரண்டு மெகாபிட் நிலையாக வந்தால் போதும். ஆகவே 50 மெகாபிட் இணைப்பு ஒரு குடும்பத்துக்குத் தாராளம். அது அறைக்குள் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

2. வுப்பர்டால் வீடுகளும் வைஃபையும்

எல்பர்ஃபெல்ட், பார்மென் ஆகியவை நெசவுத் தொழிலால் வளர்ந்த நகரங்கள். 1929 இல் இவற்றையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்துத்தான் இன்றைய வுப்பர்டால் உருவானது. தொங்கு ரயில் ஓடத் தொடங்கியது 1901 இல். அந்தக் காலத்து வீடுகள் எல்பர்ஃபெல்ட் நோர்ட்ஸ்டட், ஓல்பெர்க், பிரில்லர் குடியிருப்புப் பக்கங்களில் இன்றும் வரிசை வரிசையாக நிற்கின்றன. செங்கல்லால் கட்டிய தடித்த சுவர்கள். ஆட்களுக்குக் குளிர் காலத்தில் நல்லது, வைஃபைக்குக் கூடாது.

பின்னாளில் கட்டிய மாடி வீடுகளில் சுவர் மெல்லியதாக இருக்கலாம். ஆனால் கொங்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கும். வைஃபை அலையை இரும்பு நன்றாகத் தடுக்கும். தண்ணீரும் தடுக்கும். ஆகவே குளியலறைக் குழாய்கள், சுடுநீர்த் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி, பெரிய கண்ணாடி அலுமாரி இவை ரவுட்டருக்கும் உங்கள் அறைக்கும் நடுவில் இருந்தால் சிக்னல் குறையும்.

இன்னொன்று. வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் அடிபட்டுவிடும்.

ஆகவே முதல் மருந்து இலவசம். ரவுட்டர் அலுமாரிக்குள், தொலைக்காட்சிக்குப் பின்னால், நிலத்தில் கிடந்தால் எடுத்து உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். லைன் பெட்டி வாசல் பக்கம் இருந்தால், நீளமான வயர் ஒன்று வாங்கி ரவுட்டரை வீட்டின் நடுவுக்கு நகர்த்தலாமா என்று பாருங்கள். பல வீடுகளில் இதோடேயே பிரச்சினை முடிந்துவிடும்.

“சிக்னல் கூட்டும்” பெரிய அன்டெனா என்று சந்தையில் விற்பதை வாங்க வேண்டாம். ஐரோப்பாவில் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை 100 மில்லிவாட்டுக்கு மேல் வெளிவிடக் கூடாது. கூடினால் சட்டவிரோதம். அது மட்டுமல்ல, ரவுட்டர் கத்தினாலும் உங்கள் கைபேசி பதிலுக்குக் கத்த மாட்டாது. இரண்டு பக்கமும் கேட்டால்தான் கதை நடக்கும்.

3. மூன்று வழிகள்

வழி ஒன்று: கேபிள். முதலாவது ரவுட்டரில் இருந்து இரண்டாவதற்கு லான் கேபிள் இழுப்பது. இதுதான் சிறந்த வழி. வேகம் குறையாது. ஒரு கேபிள் 100 மீற்றர் வரை போகலாம். ஆகவே வீட்டுக்குள் தூரம் பிரச்சினையே இல்லை. கதவுக்குக் கீழால் போகக்கூடிய தட்டையான கேபிளும் கடையில் இருக்கிறது. சுவரில் துளை போடுவதானால் வீட்டுச் சொந்தக்காரரிடம் முதலில் கேளுங்கள். கேட்காமல் துளைத்தால் வீடு விடும்போது காப்புப் பணத்தில் வெட்டுவார்கள்.

வழி இரண்டு: கேபிள் இல்லாமல், ரிப்பீட்டராக. இரண்டாவது பெட்டி முதலாவதன் வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும். சுகமான வழி. ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே அனுப்பும் பெட்டியென்றால் வேகம் பாதியாகும்.

வழி மூன்று: மின்சார வயர் வழியாக. சுவர் பிளக்கில் குத்தும் இரண்டு சின்னப் பெட்டிகள். பவர்லைன் என்பார்கள். சில வீடுகளில் நன்றாக வேலை செய்யும், பழைய வயரிங் உள்ள வீடுகளில் சரிவராமலும் போகலாம். திருப்பிக் கொடுக்க இடம் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

ரிப்பீட்டர் வைப்பவர்கள் பலர் அதைச் சிக்னல் இல்லாத அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். அது சரிவராது. தனக்கே காதில் விழாத செய்தியை ஒருவர் மற்றவருக்குச் சொல்ல ஏலாது. ரிப்பீட்டரைப் பாதி வழியில், அதாவது சிக்னல் இன்னும் நன்றாக வரும் கடைசி இடத்தில் வைக்க வேண்டும். கேபிள் முறையில் மட்டும்தான் இரண்டாவது ரவுட்டரைப் படுக்கையறைக்குள்ளேயே வைக்கலாம்.

4. எப்படிப்பட்ட பெட்டி வாங்குவது?

- முதலாவது ரவுட்டர் எந்தக் கொம்பனியோ அதே கொம்பனிப் பெட்டி என்றால் வேலை சுகம். ஜேர்மனியில் பரவலாக உள்ள ஃபிரிட்ஸ்பொக்ஸ் பெட்டிகளுக்கு 2017 முதல் “மெஷ்” என்ற வசதி வந்தது. இரண்டு பெட்டிகளும் ஒரே வைஃபைபோல வேலை செய்யும்.
- பெட்டி விற்பவருக்குச் சொந்தமா என்று கேளுங்கள். பலர் கொம்பனியிடம் வாடகைக்கு எடுத்த ரவுட்டரை விற்கிறார்கள். அது கொம்பனியின் பொருள்.
- மிகப் பழையதை வாங்க வேண்டாம். டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையாவது இருக்க வேண்டும். டபிள்யூஇபி மட்டும் உள்ள பெட்டியைச் சும்மா தந்தாலும் எடுக்க வேண்டாம்.
- மின்சார அடப்டரையும் சேர்த்து வாங்குங்கள். வேறு அடப்டர் குத்தினால் பெட்டி எரியலாம்.

கடையில் “வைஃபை” என்றாலும் விளங்கும். ஆனால் இங்கே ஆட்கள் “வேலான்” என்றுதான் சொல்வார்கள்.

5. கேபிள் முறை: படிப்படியாக

ஒழுங்கு முக்கியம். கேபிளைக் கடைசியாகத்தான் குத்த வேண்டும்.

படி 1. இரண்டாவது ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவாருங்கள். டொச்சில் இதை வெர்க்ஸ்ஐன்ஸ்டெலுங்கென் என்பார்கள். பல பெட்டிகளில் பின்னால் ஊசி நுழையும் அளவு துளை இருக்கும். பத்துப் பதினைந்து விநாடி அமத்திப் பிடியுங்கோ. முந்தின சொந்தக்காரரின் விபரம் எல்லாம் அழிந்துவிடும்.

படி 2. முதலாவது ரவுட்டரின் விலாசத்தை எழுதி வையுங்கள். ஃபிரிட்ஸ்பொக்ஸ் என்றால் வழமையாக 192.168.178.1. ஸ்பீட்போர்ட் என்றால் 192.168.2.1. வேறு பல பெட்டிகளில் 192.168.0.1 அல்லது 192.168.1.1. பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரிலும், கைபேசியின் வைஃபை விபரத்திலும் பார்க்கலாம்.

படி 3. உங்கள் கணினியை அல்லது கைபேசியை இரண்டாவது ரவுட்டரோடு மட்டும் இணையுங்கள். அதன் விலாசத்தைப் பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள்.

படி 4. பட்டியலில் “அக்செஸ் பொயின்ட்” என்ற தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஸ்பொக்ஸில் “ஐபி கிளையன்ட்” அல்லது “மெஷ் ரிப்பீட்டர்” என்று இருக்கும். இருந்தால் அதைத் தெரிவு செய்து, திரையில் சொல்கிறபடி செய்யுங்கள். படி 5 உம் 7 உம் தேவையில்லை. கேபிளை எந்தத் துளையில் குத்துவது என்பதையும் திரை சொல்லும்.

படி 5. அப்படித் தெரிவு இல்லையென்றால், இரண்டாவது ரவுட்டரின் விலாசத்தை மாற்ற வேண்டும். முதல் மூன்று இலக்கங்களும் முதலாவதைப் போலவே, கடைசி இலக்கம் மட்டும் வேறு. முதலாவது 192.168.178.1 என்றால் இரண்டாவதற்கு 192.168.178.2 கொடுங்கள். ஒரு தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் இருந்தால் தபால்காரர் தடுமாறுவார் அல்லவா, அதுபோலத்தான். சேமித்தவுடன் பக்கம் மறைந்துவிடும். பயப்பட வேண்டாம், புது விலாசத்தை அடித்துத் திரும்ப உள்ளே போங்கள்.

படி 6. வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் முதலாவதில் உள்ளதுபோல எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து கவனம். அப்போதுதான் கைபேசி ஹோலில் இருந்து அறைக்குப் போகும்போது தானாக மாறும். சனல் மட்டும் வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11. முதலாவது 1 இல் இருந்தால் இரண்டாவதற்கு 6 அல்லது 11.

படி 7. டிஎச்சிபி என்பதை இரண்டாவது ரவுட்டரில் நிறுத்துங்கள். வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் இலக்கம் கொடுப்பது இதன் வேலை. வீட்டில் ஒருவர்தான் இலக்கம் கொடுக்கலாம், அது முதலாவது ரவுட்டர். இருவரும் கொடுத்தால் இணையம் வரும், போகும், காரணமும் விளங்காது.

படி 8. இப்போது கேபிள். முதலாவதின் லான் துளையில் ஒரு முனை, இரண்டாவதின் லான் துளையில் மறுமுனை. நிறம் வேறாக உள்ள வான் அல்லது டிஎஸ்எல் துளையில் குத்த வேண்டாம்.

படி 9. படுக்கையறையில் கதவைச் சாத்திவிட்டுத் திரும்ப அளவுங்கள். முதல் எழுதிய இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. வேலை செய்யாவிட்டால்

வைஃபை காட்டுது, இணையம் இல்லை: கேபிள் தப்பான துளையில் இருக்கலாம். படி 8 ஐப் பாருங்கள்.

வீடு முழுக்க இணையம் குழம்பிவிட்டது: இரண்டாவதில் டிஎச்சிபி இன்னும் ஓடுகிறது. கேபிளைக் கழற்றுங்கோ, முதலாவது ரவுட்டரை நிறுத்திப் போடுங்கோ, பிறகு படி 7 ஐத் திரும்பச் செய்யுங்கள்.

இரண்டாவது ரவுட்டருக்குள் போக முடியவில்லை: படி 1 இல் இருந்து தொடங்குங்கள். எதுவும் உடைந்துபோகாது.

7. அது யாருடைய இணைப்பு?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள்.

முகாமில் அல்லது பலர் சேர்ந்திருக்கும் விடுதியில் இருந்தால், அங்குள்ள லான் துளையில் சொந்த ரவுட்டரைக் கேட்காமல் குத்த வேண்டாம். டிஎச்சிபி குழம்பினால் உங்கள் அறை மட்டுமல்ல, மாடி முழுவதும் இணையம் நின்றுபோகலாம். ஹவுஸ்மைஸ்டரிடம் அல்லது சமூகப் பணியாளரிடம் முதலில் கேளுங்கள்.

சொந்த வீட்டில் இரண்டாவது ரவுட்டர் வைத்தால் சிக்னல் பக்கத்து வீட்டுக்கும் போகும். “அண்ணை, பாஸ்வேர்டைத் தாங்கோவன்” என்று கேட்பார்கள். கொடுப்பதா, விடுவதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் யாருடைய பெயரிலோ, கடிதம் அவருக்குத்தான் வரும்.

எந்தக் கடிதம்? தமிழ்ப் படத்தையோ பாட்டையோ டொரன்ட் மூலம் இறக்கினால், இறக்கும் அதே நேரம் உங்கள் கருவி அதை மற்றவர்களுக்கு அனுப்பியும் கொண்டிருக்கும். அதுதான் இங்கே பெரிய பிரச்சினை. உரிமைக்காரரின் சட்டத்தரணி அப்மானுங் என்ற எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார். பல நூறு யூரோ கேட்பார்கள்.

சட்டம் எப்படி மாறியது என்றால், 2010 மே மாதம் ஜேர்மன் உயர் நீதிமன்றம், தனியார் வைஃபைக்குப் போதிய கடவுச்சொல் வைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அன்று முதல் வைஃபையைத் திறந்துவிட ஆட்கள் பயந்தார்கள். 2017 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், மற்றவர் செய்த பிழைக்கு வைஃபை கொடுத்தவரிடம் நட்டஈடோ எச்சரிக்கைச் செலவோ கேட்பதைத் தடுத்தது. ஆனால் கடிதம் வருவது நிற்கவில்லை. வந்தால், “நான் செய்யவில்லை, வேறு ஆட்களும் பாவிக்கிறார்கள்” என்று நீங்கள்தான் விளக்க வேண்டி வரும். டொச் தெரியாத ஒருவருக்கு அது பெரிய தலையிடி.

அப்படியான கடிதம் வந்தால்:

- பயப்பட வேண்டாம். அது உங்கள் தஞ்ச வழக்கின் கடிதம் அல்ல.
- குப்பையில் போடவும் வேண்டாம். அதில் உள்ள திகதியைக் கவனியுங்கோ.
- கூட வரும் பத்திரத்தில் உடனே கையெழுத்து வைக்க வேண்டாம். அது காலம் முழுக்கக் கட்டுப்படுத்தும் உறுதிமொழி.
- ஃபெர்பிராவுகர்சென்ட்ராலே என்ற நுகர்வோர் ஆலோசனை நிலையம் வுப்பர்டாலிலும் இருக்கிறது. அங்கே அல்லது ஒரு சட்டத்தரணியிடம் கடிதத்தைக் கொண்டுபோங்கள்.

விருந்தாளிகளுக்குக் கொடுப்பதற்கு ரவுட்டரில் காஸ்ட்சுகாங் என்ற தனி வைஃபை இருக்கும். வீட்டுக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் அதைக் கொடுங்கள். மெஷ் இல்லாத சாதாரண இரண்டாவது ரவுட்டரில் இந்த விருந்தாளி வைஃபை தானாக நீளாது, முதலாவதின் பக்கத்தில் மட்டும்தான் வரும்.

8. புது ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வைக்க முதல்

உண்மையிலேயே லைன்தான் மெதுவானது என்று சோதனையில் தெரிந்தால் மட்டும் புது ஒப்பந்தத்தைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் இவை நினைவில் இருக்கட்டும்.

- கொம்பனி 12 மாத ஒப்பந்தமும் வைத்திருக்க வேண்டும். கேட்டால்தான் காட்டுவார்கள். வேறு இடத்துக்கு மாற்றப்படலாம் என்ற நிலையில் உள்ளவர்களுக்குக் குறுகிய காலமே நல்லது.
- முதல் காலம் முடிந்த பிறகு ஒரு மாத அறிவித்தலோடு எப்போதும் நிறுத்தலாம். இது 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம்.
- புது விலாசத்தில் அந்தக் கொம்பனி இணைப்புத் தர முடியாவிட்டால், ஒரு மாத அறிவித்தலோடு ஒப்பந்தத்தை முறிக்க உங்களுக்கு உரிமை உண்டு.
- வாசலில், போனில், இணையத்தில் செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திரும்பப் பெறலாம். கடைக்குள் போய்க் கையெழுத்து வைத்தால் இந்த உரிமை இல்லை. ஆகவே கடையில்தான் கூடக் கவனம் வேண்டும்.
- கொம்பனி தரும் ரவுட்டரைத்தான் பாவிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2016 ஓகஸ்ட் முதல் ரவுட்டரைத் தெரிவு செய்யும் உரிமை உங்களுடையது. வாடகைப் பெட்டி வேண்டாம் என்றால் மாதாமாதம் சில யூரோ மிச்சம்.

9. உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்

கேள்வி 1: ரவுட்டர் பக்கத்தில் 48, குசினியில் 1. கூடின வேக இணைப்பு எடுப்பதா?
கேள்வி 2: ரிப்பீட்டரைச் சிக்னல் இல்லாத அறைக்குள் வைக்கலாமா?
கேள்வி 3: இரண்டு ரவுட்டரிலும் டிஎச்சிபி ஓடலாமா?
கேள்வி 4: பக்கத்து வீட்டுப் பெடியன் உங்கள் வைஃபையில் டொரன்ட் பாவித்தால் கடிதம் யாருக்கு?

விடைகள்: 1. இல்லை, சுவர்தான் பிரச்சினை. 2. கூடாது, பாதி வழியில் வைக்க வேண்டும். 3. கூடாது, முதலாவதில் மட்டும். 4. ஒப்பந்தக்காரருக்கு, அதாவது உங்களுக்கு.

நாலும் சரியென்றால் நீங்களே பூட்டலாம். ஏதும் விளங்காவிட்டால், ஆலோசனை நேரத்தில் இரண்டாவது ரவுட்டரையும் அடப்டரையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். முதலாவது ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைக் கைபேசியில் படம் எடுத்து வாருங்கள். ஆனால் அந்தப் படத்தை வேறு ஒருவருக்கும் அனுப்ப வேண்டாம், கடவுச்சொல் அதில்தான் இருக்கிறது.